தீனியிட நாற்பத்திரண்டு கைகள்

முயலை 'வாயில்லா ஜீவன்' என்பார்கள். வாய் அதற்கு உண்டு. விழித்திருக்கும் நேரமெல்லாம் அசைந்துகொண்டும் இருக்கும். 'இது எனக்கு ஆகாது, வேண்டாம்' என்று சொல்லத்தான் அதற்கு வராது. எங்கள் விடுதியில் இரண்டு முயல்களை வளர்க்கத் தொடங்கி, ஒன்றை இழந்து, மற்றதைக் காப்பாற்றிக்கொண்ட கதையை இங்கே எழுதுகிறோம். பெருமையாகச் சொல்லிக்கொள்ள இதில் அதிகம் இல்லை. ஆயினும் எங்களுக்குப் பின் விடுதிக்கு வரும் தங்கைகளுக்குப் பயன்படும் என்று எங்கள் வகுப்பாசிரியை சொன்னதால் எழுதத் துணிந்தோம்.

எங்கள் பள்ளி கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. விடுதித் தோழி ஒருத்திக்கு மலைமேல் மன்னவனூர்ப் பக்கம் ஊர். மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் உள்ளது. செம்மறியாடுகளோடு 'வெள்ளை ஜெயண்ட்', 'சோவியத் சின்சில்லா' என்னும் முயல் இனங்களையும் அங்கே வளர்க்கிறார்கள். அவ்வினத்து முயல்களைத் தோழியின் தாய்மாமனும் தம் தோட்டத்தில் வளர்த்து வந்தார். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது, மருமகளை விடுதியில் விட வந்தவர், ஒரு மூங்கில் கூடையையும் கையோடு கொண்டுவந்தார். கூடைக்குள் சாம்பல் நிறத்தில் இரண்டு குட்டிகள்! இரண்டும் பெண், இரண்டு மாத வயது.

விடுதிப் பொறுப்பாளர் சிஸ்டர் முதலில் தயங்கினார். நாற்பத்திரண்டு பேரும் சுற்றி நின்று கெஞ்சியதும், "ஓர் உயிரை வாங்கி வைத்துக்கொள்வது விளையாட்டு இல்லை, பிள்ளைகளா! அதன் சாப்பாடும் தண்ணீரும் உங்கள் பொறுப்பு. சம்மதமா?" என்று கேட்டார். "சம்மதம், சிஸ்டர்!" என்று நாங்கள் போட்ட கூச்சலில் கூடை ஆடியது.

துள்ளிக் குதித்து வந்து கையை முகர்ந்து பார்த்தவளுக்கு மின்னல் என்று பெயரிட்டோம். கூண்டின் மூலையில் ஒண்டிக்கொண்டவளுக்கு மேகம் என்று பெயர் வைத்தோம். தோட்டக்காரத் தாத்தா வேப்பமரத்தடியில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், கம்பிவலைக் கூண்டு ஒன்று கட்டிக் கொடுத்தார்.

'சின்சில்லா' என்ற பெயர் எங்களுக்குப் புதிது. நூலகத்திலிருந்த பிராணிகள் பற்றிய ஆங்கில நூலில் அந்தப் பெயரைத் தேடிப் பிடித்தோம். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில், வறண்ட குளிர்ந்த பாறைச் சரிவுகளில் வாழும் சிறு பிராணி அது. ஒரே மயிர்க்காலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மென்முடிகள் வளரும். தண்ணீரில் குளிக்காது, நுண்ணிய மண்ணில் புரண்டு உடலைத் தூய்மை செய்துகொள்ளும் என்றெல்லாம் எழுதியிருந்தது. உடனே சல்லடை கொண்டுவந்து, தோட்டத்து மணலைச் சலித்து, ஒரு தட்டில் பரப்பிக் கூண்டுக்குள் வைத்தோம். மின்னல் தட்டில் ஏறி உட்கார்ந்து எங்களைப் பார்த்தாள். நாங்களும் அவளைப் பார்த்தோம். புரளவில்லை, இரண்டு முறை தும்மினாள். அவ்வளவுதான்.

இதைக் கண்ட அறிவியல் ஆசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். "அது வேறு, இது வேறு. அது எலியும் அணிலும் சேர்ந்த கொறிக்கும் பிராணி வகை. இது முயல். உரோமத்தின் நிறம் அதைப்போல இருப்பதால் இந்த முயலுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள்" என்று விளக்கினார். சின்சில்லா முயல் 1913ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டதாம். பிறகு அது ரஷ்யாவுக்குச் சென்று, அங்குள்ள பெரிய முயல்களோடு கலந்து, 'சோவியத்' என்ற அடைமொழியும் பெற்றதாம்.

உண்மையான சின்சில்லாவின் கதையோ துயரமானது. உரோமத்துக்காக அதை ஏராளமாகக் கொன்று குவித்தனர். அழிவின் விளிம்புக்கு அது வந்தபின், 1910ஆம் ஆண்டு சிலி, பெரு, பொலிவியா, அர்ஜென்டினா ஆகிய நாடுகள் வேட்டையைத் தடுக்க உடன்பாடு செய்துகொண்டன. 1923ஆம் ஆண்டு மத்தியாஸ் சாப்மன் என்னும் அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் பதினொரு சின்சில்லாக்களைச் சிலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கப்பலில் கொண்டு சென்றார். அமெரிக்க வீடுகளில் இன்று செல்லப் பிராணிகளாக இருப்பவற்றுள் பெரும்பாலானவை அவற்றின் சந்ததிகளே.

அந்த நூலின் அதே பக்கத்தின் அடியில், சின்சில்லாவுக்கு உணவிடும் முறையும் எழுதியிருந்தது. உலர்ந்த புல் எந்நேரமும் இருக்க வேண்டும். தீவனம் நாளுக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி போதும். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். உலர்திராட்சை, கொட்டைகள், இனிப்பு ஆகியவற்றைக் கொடுக்கக் கூடாது என்று இருந்தது. 'நம்முடையதுதான் சின்சில்லா இல்லையே!' என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டோம். அப்படி மூடியதை நினைத்து இன்றும் வருந்துகிறோம்.

ஜூலை மாதம் இன்பமாகக் கழிந்தது. தோழியின் மாமா சொல்லிச் சென்றபடி அருகம்புல்லும் வேலிமசாலும் கொஞ்சம் குச்சித் தீவனமும் போட்டு வந்தோம். ஆனால் போகப் போக, எங்கள் தட்டில் இருந்ததெல்லாம் கூண்டுக்குள்ளும் போகத் தொடங்கியது. மின்னல் கம்பியில் முன்னங்கால்களை ஊன்றி நின்று, யார் கை நீட்டினாலும் வாங்கித் தின்பாள். அவள் மீசை விரலில் படும்போது உண்டாகும் கூச்சத்துக்காகவே வரிசையில் நின்று கொடுப்போம். மேகம் கிட்டே வரமாட்டாள். 'திமிர் பிடித்தவள்' என்று அவளுக்குப் பட்டமும் கட்டினோம்.

ஆகஸ்ட் 15 வந்தது. அன்று எங்களுக்கு இரட்டைத் திருநாள்: நாட்டின் விடுதலை நாள், மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. காலையில் கொடியேற்றி மிட்டாய் தந்தார்கள். திருப்பலி முடிந்ததும் கேசரி கிடைத்தது. மதியம் விருந்துச் சாப்பாடு. மாலையில் ஆளுக்கு ஒரு பொட்டலம் பூந்தியும் பிஸ்கட்டும். நாங்கள் மட்டும் உண்டால் போதுமா? திருநாள் மின்னலுக்கும் இல்லையா? ஒவ்வொருத்தியும் தன் பங்கிலிருந்து துளியளவு எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனோம்.

மறுநாள் காலை மின்னல் எங்களை வரவேற்கவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிறு உப்பிக் கல்லாக இருந்தது. பல்லை நறநறவென்று அரைத்தாள். கூண்டின் அடியில் அவளிருந்த பக்கம் ஒரு புழுக்கைகூட இல்லை. "வயித்து நோவு கண்டிருக்கு கண்ணுகளா, நின்னு பாக்காதீங்க, தூக்குங்க" என்றார் தாத்தா. சிஸ்டர் அவளைத் துண்டில் சுற்றி, ஆட்டோவில் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு சென்றார். எங்களுள் ஐந்து பேர் உடன் சென்றோம்.

மருத்துவர் ஒரு பெண்மணி. வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தோலுக்கடியில் மருந்து நீர் ஏற்றினார். பிறகு, "நேற்று என்ன சாப்பிட்டது?" என்று கேட்டார். ஐவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "கொஞ்சம் பூந்தி, டாக்டர் அம்மா" என்றாள் ஒருத்தி. "எத்தனை பேர் கொடுத்தீர்கள்?" என்றார் அவர். எங்களுக்குப் பதில் தெரியவில்லை.

அன்று மாலை சிஸ்டர் எங்கள் எல்லோரையும் படிப்புக் கூடத்தில் அமர வைத்தார். திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து, "ஒவ்வொருத்தியாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார். ஒருத்தி கால் பிஸ்கட். ஒருத்தி ஐந்தாறு பூந்தி. ஒருத்தி கேசரி, விரல் நுனியளவு. ஒருத்தி மதியச் சோறு ஒரு கவளம். ஒருத்தி வாழைப்பழத் துண்டு. ஒருத்தி முட்டைக்கோஸ் தண்டு. தாளின் ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கமும் பாதி போனது. எங்களில் ஒருத்தியும் அதிகமாகக் கொடுக்கவில்லை. எல்லோரும் சேர்ந்துதான் கொடுத்திருந்தோம். நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தேழு பேர்!

கடைசியாகச் சிஸ்டர் ஒரு கேள்வி கேட்டார்: "நேற்றுத் தண்ணீர் மாற்றியது யார்?"

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஒவ்வொருத்தியும் வேறொருத்தி மாற்றியிருப்பாள் என்று நினைத்திருந்தோம். பிறகு போய்ப் பார்த்தபோது, மண்சட்டி கவிழ்ந்து, உள்ளே எறும்பு மொய்த்துக் கிடந்தது. தீனியிட நாற்பத்திரண்டு கைகள் இருந்த இடத்தில், தண்ணீர் ஊற்ற ஒரு கை இல்லாமல் போயிற்று.

ஆகஸ்ட் 17ஆம் நாள் விடியற்காலையில் மின்னல் இறந்தாள். தாத்தா மாதுளைச் செடிக்குப் பக்கத்தில் குழி தோண்டினார். அன்று காலை உணவை எங்களில் பலர் தொடவில்லை.

அடுத்த வாரம் சிஸ்டரின் அழைப்பின்பேரில் டாக்டர் அம்மா விடுதிக்கு வந்தார். கரும்பலகையில் முயலின் வயிற்றைப் படமாக வரைந்து விளக்கினார். அவர் சொன்னவற்றை எங்களுக்கு விளங்கிய அளவில் எழுதுகிறோம்.

முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னோக்கித்தான் போயாக வேண்டும். அதன் குடலை நகர வைப்பது புல்லிலுள்ள நார். சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது; அதில் வாழும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. மாவும் சர்க்கரையும் மிகுதியாகச் சென்றால், வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகி, காற்று அடைத்து, குடலே நின்றுவிடும். போதிய தண்ணீர் இல்லாவிட்டால் உள்ளே இருப்பதும் இறுகிவிடும். முயல் அரைநாள் உண்ணாமல் இருந்தாலே அது ஆபத்து. மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது. பற்களும் அப்படித்தான். அதன் முன்பற்கள் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். பிஸ்கட்டில் பல் தேயாது.

"அந்தச் சின்சில்லாவுக்கும் இப்படித்தானா, டாக்டர் அம்மா?" என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். "ஆமாம். அதற்கும் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். அதற்கும் வாந்தி வராது. அதற்கும் உலர்ந்த புல்தான் உயிர். ஏன் கேட்கிறாய்?" என்றார். நாங்கள் பதில் சொல்லவில்லை. நாங்கள் மூடிவைத்த பக்கத்தில் எல்லாமே இருந்திருக்கிறது. பிராணி வேறாயினும் வயிறு ஒன்றுதான்.

அன்றே 'மேகத்தின் குறிப்பேடு' பிறந்தது. நாளுக்கு ஒருத்தி மட்டுமே தீனியிட வேண்டும். மற்றவர்கள் பார்க்கலாம், தடவலாம், கை நீட்டக் கூடாது. முறைக்காரி காலை ஆறரை மணிக்கு எழுந்து சென்று, முதலில் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். பழைய தண்ணீரைக் கொட்டிச் சட்டியைத் தேய்த்துக் கழுவி, ஆய்வுக்கூடத்து அளவுசாடியால் 500 மில்லிலிட்டர் அளந்து ஊற்ற வேண்டும். மறுநாள் மிஞ்சியதை அளந்து, குடித்த அளவை எழுத வேண்டும். முயல் தன் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை குடிக்கும். வெயில் நாளில் கூடும். ஈரமான பசும்புல் தின்றால் குறையும்.

அடுத்தது புல். அவளுடைய உடம்பளவு ஒரு குவியல், இரவும் பகலும் குறையாமல் இருக்க வேண்டும். பனி நனைந்த புல்லையும், அறுத்துக் குவித்துச் சூடேறிய புல்லையும் போடுவதில்லை. நிழலில் பரப்பி உலர்த்திய புல்லைத் தாத்தா கோணிப்பையில் சேர்த்து வைத்தார். குச்சித் தீவனம் எடையில் கிலோவுக்கு 25 கிராமுக்கு மேல் இல்லை. வேலிமசாலும் அகத்தியும் வளரும் குட்டிக்கு நல்லவை. வளர்ந்தபின் ஒரு பிடி போதும். படங்களில் முயலின் கையில் எப்போதும் இருக்கும் கேரட்டில் சர்க்கரை அதிகம். வாரத்துக்கு இரண்டு சிறு வில்லைகள் மட்டும். வேலியோரத்துச் சவுண்டல் தழை கூடவே கூடாது. அதிலுள்ள நச்சுப்பொருள் முயலின் முடியை உதிர்த்துவிடும். புதிய தீனி எதுவானாலும் நாள்பட மெல்ல மெல்லப் பழக்க வேண்டும்.

முதல் மாதம் குறிப்பேடு எங்களுக்குப் பாரமாகத்தான் இருந்தது. 'தினமும் எண்களையா எழுதுவது?' என்று முணுமுணுத்தோம். ஆனால் மேகம் மாறினாள். வருகிறவள் ஒருத்தி, வரும் நேரம் ஒன்று என்று ஆனபின், அவளுக்குப் பயம் குறைந்தது. நவம்பரில் ஒரு நாள் முறைக்காரியின் கையைத் தானே வந்து முகர்ந்தாள். திமிர் பிடித்தவள் என்றோமே, அவள் அன்று கூண்டின் மூலையிலிருந்து புல்லை மட்டும் தின்றதால்தான் பிழைத்திருக்கிறாள்!

2024ஆம் ஆண்டு பிறந்ததும் சட்டிக்குப் பதிலாக, குழாய் நுனியில் எஃகு உருண்டை வைத்த தண்ணீர்ப் புட்டி ஒன்றைக் கூண்டில் மாட்டினோம். கவிழாது, குப்பை விழாது. மார்ச் மாதம் வெயில் ஏறியது. முயலுக்கு வியர்க்காது, காதின் வழியாகத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும். எனவே கூண்டைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினோம். மேகம் அப்போது நான்கு கிலோ. குறிப்பேட்டில் ஒரு நாள் 340, அடுத்த நாள் 355, அதற்கடுத்த நாள் 350 என்று இருந்தது. மறுநாள் முறை எங்களில் மிகவும் சோம்பேறி என்று பெயரெடுத்த ஒருத்தியுடையது. அவள் அளந்து பார்த்து, 60 என்று எழுதினாள். எழுதியவளின் பேனா அப்படியே நின்றது.

புட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. பார்ப்பவருக்குக் குறையே தெரியாது. அவள் விரலால் உருண்டையைத் தள்ளிப் பார்த்தாள். நகரவில்லை. எங்கள் கிணற்று நீரின் உப்பு படிந்து உருண்டை இறுகியிருந்தது. மேகம் நிறைந்த புட்டிக்குக் கீழே தாகத்தோடு இருந்திருக்கிறாள்! புல்லும் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது, புழுக்கைகள் சிறுத்திருந்தன. ஓடிவந்து எங்களை எழுப்பினாள். பழைய மண்சட்டியில் தண்ணீர் வைத்தவுடன், மேகம் தலையைத் தூக்காமல் குடித்த காட்சியை நாங்கள் மறக்க மாட்டோம். டாக்டர் அம்மாவிடம் காட்டினோம். "நல்ல வேளை, இன்றைக்கே பார்த்தீர்கள்" என்றார். அன்று மாலைக்குள் அவள் பழையபடி புல் மேயத் தொடங்கினாள். அது முதல் சட்டியும் புட்டியும் இரண்டும் வைக்கிறோம். காலையில் முதல் வேலையாக உருண்டையை விரலால் தள்ளிப் பார்க்கிறோம்.

எங்களுக்கு அன்றுதான் ஒன்று விளங்கியது. மின்னலிடம் எங்களுக்கு அன்பு குறைவாக இருக்கவில்லை. அவள் கம்பியில் ஏறி நின்று வாங்கித் தின்பதைப் பார்க்கும் ஆசை எங்களுக்கு இருந்தது. அந்த ஆசைக்கே நாங்கள் தீனி போட்டோம். மேகத்தைக் காப்பாற்றியதோ, முணுமுணுத்துக்கொண்டே எழுதிய ஓர் எண்.

கோடை விடுமுறையில் மேகம் மன்னவனூருக்குப் போனாள். மலையின் குளிரில் இரண்டு மாதம் இருந்துவிட்டு, ஜூனில் குறிப்பேட்டோடு திரும்பி வந்தாள். தோழியின் மாமா ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருந்தார். சில நாள்களில் மட்டும், 'மழை, அளக்கவில்லை, நன்றாகக் குடித்தாள்' என்று இருந்தது.

பள்ளி திறந்த வாரத்தில், ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த சிறுமி ஒருத்தி, வீட்டை நினைத்து அழுத கண்ணோடு வேப்பமரத்தடிக்கு வந்தாள். கையில் பாதி பிஸ்கட். கம்பியருகே நீட்டப் போனவளைத் தடுத்து, மாதுளைச் செடியடியில் இருக்கும் சிறு மேட்டைக் காட்டி, நடந்ததைச் சொன்னோம். அவள் பிஸ்கட்டைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். சற்று நேரம் கழித்து, "அப்போ நான் இதுக்கு என்னதான் குடுக்கட்டும், அக்கா?" என்று கேட்டாள்.

அளவுசாடியை அவள் கையில் கொடுத்தோம். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, 500 என்ற கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்து, ஒரு சொட்டும் சிந்தாமல் சட்டியில் ஊற்றினாள். மேகம் வந்து குடித்தாள்.

— ஒன்பதாம் வகுப்பு விடுதி மாணவியர்